கறிக்கடை அந்தோணிதான் இயேசு!

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாஸ்கா கமிட்டித் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஓரமாகக் கூப்பிட்டாலே வில்லங்கம்தானே?

“ஏம்மா, வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில ஆடு புடிக்கிறவன் வெள்ளிக்கிழமை சிலுவையில தொங்குனா நல்லாவா இருக்கும்?”

அந்தோணியைத்தான் சொல்கிறார். திண்டுக்கல்லில் கறிக்கடை வைத்திருப்பவர். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் போடும் பாஸ்காவில் — இயேசுவின் பாடுகளைப் பாடியே நடிக்கும் நாடகம் — இந்த வருடம் அவர்தான் இயேசு. தேர்ந்தெடுத்தது நான். அவர் பாட ஆரம்பித்தால் ஒத்திகையில் அரட்டை அடிப்பவர்கள்கூட வாயை மூடிவிடுவார்கள்.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஐரோப்பாவில் ஆபெரா என்னும் இசை நாடகங்களை இயக்கிப் பெயர் வாங்கியவள். ஆபெரா ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை... அங்கேயும் பாடிக்கொண்டேதான் சாவார்கள். அங்கே முதல் ஒத்திகையிலேயே ஒருவர் கேட்டார், “இந்த இசை உங்கள் ரத்தத்தில் இல்லையே?” என்று. “இளவரசியாகப் பாடும் அம்மா அரண்மனையிலா பிறந்தார்?” என்று திருப்பிக் கேட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

அதே கேள்வி இப்போது சொந்த ஊரில்! எரிச்சல் வராதா?

தலைவர் சமரசத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். “எம் மருமகன் மேடையில நிக்கட்டும். செவப்பா, அம்சமா இருப்பான். அந்தோணி திரைக்குப் பின்னாடி நின்னு பாடட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

அதாவது குரல் வேண்டும், ஆள் வேண்டாம்.

சாயங்காலம் ஒத்திகைக்கு அந்தோணியும் வந்தார், தலைவரும் கமிட்டியோடு வந்தார். “விடுங்கக்கா... கமிட்டியப் பகைச்சுக்கிட்டா அடுத்த வருசம் பாஸ்காவே நடக்காது. நான் பின்னாடி நின்னே பாடிர்றேன்” என்றார் அந்தோணி. நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து, கறி விற்கும் அந்த மனிதர் கறியை வாயில் வைக்கவில்லை.

“நீங்க பின்னாடி போனா நான் ஊரை விட்டே பஸ் ஏறிருவேன். கமிட்டியே எல்லாத்தையும் பாடிக்கட்டும்” என்றேன். தலைவர் பக்கம் திரும்பினேன். “மீன் புடிச்சா சீடர், ஆடு புடிச்சா ஆகாதோ?”

அவர் முகம் கடுத்துவிட்டது. “அப்ப நான் பாஸ்காவுக்கே வர மாட்டேன்” என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

கமிட்டியில் மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். அந்தோணியை மேடை நடுவில் நிற்கவைத்து ஒத்திகையைத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வாருங்கள். தலைவரே... நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். அந்தோணி பாடுவது அங்கேயும் கேட்கும்!