மூன்று பேருக்கு ஒரு சீட்

கழுத்தில் ஆபரேஷன் என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் பின்னங்கழுத்தைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் கிடையாது. முன்பக்கம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே விரல் நீளத்துக்குக் கீறி, அது வழியாக உள்ளே போய், எலும்புக்கு நடுவில் பிதுங்கி நின்ற ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். மூன்று மாதத்தில் அந்தத் தழும்பும் கழுத்து மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. இதுக்கா இவ்வளவு அலட்டல் என்று மனதுக்குள் நினைத்தபடி ஆப்பிளை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பெரிய தையலைக் காட்ட முடியாத ஆபரேஷனுக்கு மரியாதை கொஞ்சம் கம்மிதான்.

இரண்டு வருடமாகக் கையில் மின்சாரம் மாதிரி ஓடிய வலி, மயக்கம் தெளிந்து கண் விழித்தபோதே இல்லை. சந்தோஷத்தில் நர்ஸின் கையைப் பிடித்து அழுதேன். ஆனால் இன்னொரு வலி போகவில்லை. இடது தோள்பட்டைக்கு உள்பக்கம், சொறியக்கூடக் கை எட்டாத இடத்தில், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒன்று. காலையில் லேசாக ஆரம்பித்து மூன்று மணிக்கு மேல் முறுக்க ஆரம்பிக்கும். டாக்டரிடம் கேட்டால், "நரம்பு ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்திருக்கு. மெல்ல மெல்லக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும்" என்றார். தங்கிவிடும் என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியா, தங்குவதற்கு?

வீட்டில் இருந்த நாட்களில் நான் பட்ட பாட்டை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்குத் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்துத்தான் பழக்கம். தாராவியில் பத்துப் பேர் இருந்த ஒற்றை அறையில், ஒரே செம்பில் எல்லோரோடும் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். உதடு பட்டால் முதுகில் அடி விழும். ஐம்பத்து நாலு வயதில், அண்ணாந்து பார்க்க முடியாமல், சொந்த வீட்டில் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடித்தேன். யாராவது கூப்பிட்டால் பீரோவைத் திருப்புகிற மாதிரி உடம்பையே திருப்ப வேண்டும். தலையாட்டவும் முடியாது. என் வீட்டுக்காரர் சொன்ன எதற்கும் முப்பது வருடமாக நான் தலையாட்டியதில்லை, இப்போது அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேறு கிடைத்துவிட்டது.

அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலை அவர்தான் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"ஏளா, ரிட்டயராக இன்னும் நாலு வருசந்தான இருக்கு. வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு. நான் பொங்கிப் போடுதேன்."

"நீங்க பொங்கிப் போடுதத ரெண்டு மாசமா தின்னுக்கிட்டுதான இருக்கேன். அதுக்குப் பயந்தாவது வேலைக்குப் போகணும்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. அந்த ரயில் கூட்டத்தில் ஒரு இடி பட்டால் என்ன ஆகும் என்று தினமும் ஏதாவது ஒரு சாக்கில் கேட்பார். எனக்கும் அதே பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆபீஸ் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தபால் பிரிவு, வருகிற கவர்களைப் பிரித்து முத்திரை குத்தி மேலே அனுப்ப வேண்டும். அதற்காக நான் ஏங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ரயில்தான். செம்பூரிலிருந்து கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.டி. வரை, லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், என் சிநேகிதிகளோடு போகிற அந்தப் பயணம்.

நாங்கள் மூன்று பேர். பன்னிரண்டு வருடப் பழக்கம். சொந்தப் பெயர் தெரியும், ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். பன்வேல் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிற மராட்டிக்காரி, என் வயது. மான்குர்த் நம் ஊர்ப் பெண், வேலூர்ப் பக்கம் பூர்வீகம், பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். நான் செம்பூர்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காலை வண்டியில் மூன்று பேருக்கு ஒரு சீட். கிளம்புகிற இடத்தில் ஏறுவதால் பன்வேலுக்கு இடம் கிடைத்துவிடும். செம்பூர் வந்ததும் அவள் எழுந்து எனக்குத் தருவாள். வடாலா வந்ததும் நான் எழுந்து மான்குர்த்துக்குத் தர வேண்டும். அவள் எனக்கு முன்னாலேயே ஏறினாலும் கடைசிப் பங்கைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடையில் இரவு எட்டு மணி வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார்ந்தால் முதலாளி கத்துவார். அதனால் வடாலாவிலிருந்து சி.எஸ்.டி. வரையிலான அந்தப் பதினைந்து, இருபது நிமிடம்தான் அவள் கால்களுக்குக் கிடைக்கிற ஓய்வு. பன்னிரண்டு வருடத்தில் இந்த வரிசை ஒரு நாளும் தவறியதில்லை. எங்களுக்குள் சண்டை வந்து பேசாமல் இருந்த வாரத்தில்கூட, பேசாமலேயே எழுந்து பேசாமலேயே உட்கார்ந்தோம்.

ஐந்தாம் மாதம் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். கூட்டத்தில் மட்டும் பஞ்சுக் காலரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "இது உங்க கழுத்துக்கு இல்லம்மா. பக்கத்துல நிக்கிறவங்க பாத்துட்டு இடிக்காம இருக்கணும்ல, அதுக்கு" என்றார்.

முதல் நாள் நான் ஏறியதும் டப்பாவே வழி விட்டது. பன்வேல் எழுந்து என்னைக் கைப்பிடித்து உட்கார வைத்தாள். குர்லாவில் வழக்கம்போல ஒரு கூட்டம் முட்டி மோதி ஏறியது. நான் சுவரோடு ஒட்டிப் பத்திரமாக இருந்தேன். வடாலா வந்ததும் எழுந்தேன். மான்குர்த் என் நல்ல தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"அரே, பேசாம உக்காருங்க அக்கா. கழுத்துல பட்டையைப் போட்டுக்கினு எங்க எந்திரிக்கிறீங்க?"

முதல் நாள், சரி என்று உட்கார்ந்தேன். மறுநாளும் அதேதான். அடுத்த வாரமும் அதேதான். நான் சி.எஸ்.டி. வரை உட்கார்ந்து வருவேன், அவள் மான்குர்த்திலிருந்து சி.எஸ்.டி. வரை நின்று வருவாள், பிறகு கடையில் போய் ராத்திரி வரை நிற்பாள். ஒரு காலை நேரம், காட்டன் கிரீன் ஸ்டேஷன் தாண்டும்போது, அவள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். தரையில் இருந்த காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, திருப்பிக்கொள்ளவும் கழுத்து இடம் கொடுக்காது.

அன்றிலிருந்து காலரைக் கழற்றிப் பையில் போட்டேன். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. வடாலாவில் நான் எழுவேன், எழும்போது என்னையறியாமல் இடது கண் சுருங்கும், உடனே பன்வேல் ஒரு பக்கமும் மான்குர்த் ஒரு பக்கமும் அமுக்கி உட்கார வைப்பார்கள். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. நான் அவர்களுக்குச் சிநேகிதியாகத் திரும்பி வந்தேனே தவிர நோயாளியாக இல்லை. பங்கு போட்டுக்கொள்ளாமல் முழுதாக அனுபவிக்கிற சீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லப்போனால் பயமாகவும் இருந்தது. இப்படியே போனால் ஒரு நாள் இவர்கள் சலித்துப்போவார்கள், அல்லது நானே என் வீட்டுக்காரர் சொன்னதுபோல எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவேன். இரண்டில் ஒன்று நடக்கும் என்று பட்டது.

அதனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அதே வண்டியில், பின்னால் இருக்கிற இன்னொரு லேடீஸ் டப்பாவில் ஏறினேன். யாருக்கும் என்னைத் தெரியாது. காலரும் இல்லை. எல்லோரையும்போல நானும் நிற்கிறேன் என்று முதல் நாள் எனக்குப் பெருமைகூட இருந்தது. குர்லாவில் ஒரு பை என் தோள்பட்டையில் இடித்ததும் அந்தப் பெருமை இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ரே ரோடு ஸ்டேஷன் வரும்போது கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்தில் நின்ற பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள், தூசி என்றேன். ஆபீஸில் மேஜையில் தலை சாய்த்து அழலாம் என்றால் அதற்கும் கழுத்து குனியாது, நிமிர்ந்து உட்கார்ந்தே அழுதேன். வீட்டில் என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் வெந்நீர்ப் பையை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நாலாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து சி.எஸ்.டி.யில் வண்டி ஏறினேன். சாயங்கால வண்டி அங்கிருந்துதான் கிளம்பும், முன்னாலேயே போனால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மான்குர்த் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் கடை விடுமுறை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்காகவே கிளம்பி வந்திருக்கிறாள். ஏறி எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டு மேத்தி, நம் வெந்தயக் கீரையை எடுத்து, பாதியை என் மடியில் போட்டாள். கிள்ளச் சொல்லித்தான்.

"எங்க மேல என்ன கோவம்?" என்றாள்.

"கோவமெல்லாம் இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. மூணு நாளா பன்வேல் செம்பூர்ல எந்திரிச்சு நிக்குது, உக்கார ஆள் இல்ல. சீட்டு காலியா போகுது. வேற யாரோ உக்காருது."

அந்தக் காட்சியை நினைத்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கீரையை மடியிலேயே விட்டுவிட்டுச் சொன்னேன். "எனக்கு வலிக்கி. தினமும் வலிக்கி. போச்சுன்னு சொன்னது பொய். டாக்டர் இது தங்கிரும்னு சொல்லுதாரு. ஆனா என்னால நிக்க முடியும். குர்லா கூட்டத்துல முடியாது, அது நெசம். வடாலாவுக்கு அப்புறம் நெரிசல் கொறஞ்சதும் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பதினஞ்சு நிமிசம் நிக்க முடியும். வலியோடதான், ஆனா முடியும். நீ நாள் பூரா கடையில நிக்கே. உன் சீட்ட எடுத்துக்கிட்டு நான் எப்படி உக்காந்து வருவேன்?"

அவள் கீரையைக் கிள்ளியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நீங்க வலியே இல்லன்னு சொன்னீங்க. மூஞ்சியப் பாத்தா அப்படி இல்ல. அப்போ நிஜம்மா எவ்ளோ வலின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் பயந்துட்டு அமுக்கி உக்கார வச்சோம்" என்றாள். பிறகு, "எனக்கும் கால் செம வலி அக்கா. நானும் சொல்லல" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். செம்பூர் வரை கீரை கிள்ளினோம். நான் இறங்குவதற்குள், மறுநாள் காலர் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பழைய டப்பாவில் ஏறினேன். பன்வேல் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய் என்று மராட்டியில் நாலு வார்த்தை திட்டினாள், அது எனக்கு இதமாக இருந்தது. தோள்பட்டை வலித்தது. குர்லா போயிற்று, சுனாபட்டி போயிற்று. மறுபடியும் நானாக எழுந்து மறுபடியும் அமுக்கப்பட எனக்குத் தெம்பில்லை.

வடாலாவில் வண்டி நின்றது. பாதிக் கூட்டம் இறங்கியது. மான்குர்த் என் முழங்காலில் இரண்டு விரலால் தட்டினாள்.

"எந்திரிங்க அக்கா. என் டர்ன்."

ஆபரேஷன் ஆன நாளிலிருந்து எல்லோரும் என்னை உட்காரத்தான் சொன்னார்கள். படுக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். எழுந்திரு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் கம்பியைப் பிடித்து எழுந்தேன், அவள் உட்கார்ந்து செருப்பிலிருந்து இரண்டு கால்களையும் வெளியே எடுத்து நீட்டிக்கொண்டாள்.