சாவுக்குச் சாவு ஒரு ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் நூலகர் வேலை பார்ப்பவர் கரையானுக்குக்கூடப் பயப்பட வேண்டாம், அட்டைப்பெட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். சரக்கு அடுக்க இடம் போதாமல் போகும்போதெல்லாம் முதலாளியின் கண் நம் அறை மேல்தான் விழும். பள்ளிக்கூடமோ ஆபீஸோ, எங்கேயாவது ஒரு மூலையில் இரண்டு பீரோ புத்தகத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் ஃபேனும்

தொழிலாளர்களுக்கு நூலகம் வேண்டும் என்று எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதால் பிறந்தது எங்கள் அறை. பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் பன்னிரண்டு பேர் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசர் பிடித்து அனுப்பிய ஆட்கள் அவர்கள். மற்ற நாட்களில் நானும் ஃபேனும் மட்டும்தான்.

போன ஆடிட் முடிந்த கையோடு முதலாளி வந்து அறையை அளந்து பார்த்தார். ஆயுத பூசைக்குள் ஆள் சேராவிட்டால் இங்கே அட்டைப்பெட்டி அடுக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த ஆடிட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு மொத நாளு பீரோவத் திரும்ப எறக்கி வெச்சுக்கலாமுங்க அம்மணி. புஸ்தகம் என்ன கோவிச்சுக்கவா போகுது?"

முப்பதாம் பக்கம்

நான் கலங்கவில்லை. என் கையில் ஸ்காட்லாந்துக்கார அம்மா ஒருவர் எழுதிய நான்கு நாவல்கள், தமிழில் பெயர்த்தவை, இருந்தன. நான்கும் ஒல்லிப் புத்தகங்கள். யார் சாகப்போகிறார் என்பதை ஏதோ ரசத்துக்கு உப்புக் கேட்பது போல நடுவில் சொல்லிவிட்டு, அந்த அம்மா பாட்டுக்குக் கதையைத் தொடர்வார். சிரித்துவிட்டு, சிரித்ததற்கு நாமே கூச்சப்படுவோம். இதைப் படித்தவர் அடுத்ததைக் கேட்காமல் போகமாட்டார் என்று எனக்கு நிச்சயம்.

முதல் ஆளாகக் கட்டிங் மாஸ்டரைப் பிடித்தேன். துணியிலே கத்தி வைப்பதற்கு முன் நாலு தடவை யோசிக்கிற மனிதர். மூன்றாம் நாள் புத்தகத்தை மேசையில் தொப்பென்று போட்டார். "யாரு சாவான்னு முப்பதாம் பக்கத்துலயே சொல்லிப்போட்டா, மிச்சத்த எதுக்குங்க நான் படிக்கோணும்? ஆனாலும் உடமாட்டேங்குதுங்க, அடுத்ததக் குடுங்க."

அம்பு ஸ்டிக்கர்

இரண்டாவது ஆள் செக்கிங் பிரிவு சரஸ்வதி. துணியில் எண்ணெய்க் கறையோ ஓட்டையோ தையல் விட்ட இடமோ இருந்தால், அதைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய பீஸ் கிடையாது. அவள் திருப்பிக் கொடுத்த நாவலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், எழுத்தும் சேர்ந்து வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

எதற்கடி இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அவள் அசரவே இல்லை. அம்பு காட்டிய வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். எல்லாம் யாராவது செத்துப்போகிற இடங்கள். "பாருங்கக்கா, இத்தன பேரு செத்துருக்காங்க, ஒருத்தருகூட அழுகலீங்க. இது டேமேஜ் இல்லாம என்னங்க?"

பெல் அடித்த பிறகு

சரஸ்வதி எதற்கு ஸ்டிக்கர் ஒட்டினாள் என்று பார்க்க டெய்லர் பெண்கள் வந்தார்கள். அம்பு இருந்த பக்கத்தை ஒருத்தி உரக்க வாசித்தாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் இன்னும் கூட்டம். நான்கு நாவல்களுக்கும் வரிசை நின்றது. நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் டீ நேரம் முடிந்து பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தையல் வரிசையில் மெஷின்கள் சும்மா நிற்க, முதலாளியே வந்துவிட்டார். பெண்கள் பறந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஆளு சேரலீன்னாத்தான் ரூமு போகும்னு நெனச்சனுங்க. சேந்தாலும் போகும்போல இருக்குதுங்க அம்மணி."

உடுமலைப்பேட்டை போய் வந்த புத்தகம்

மறுநாள் காலை உடுமலைப்பேட்டையில் முதலாளியின் சித்தப்பா காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. புத்தகம் அவர் காரிலேயே போய்விட்டது. துக்கத்துக்குப் போகிற மனிதர் கையில் அந்தப் புத்தகமா! வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வாசகர் படிக்காமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் வந்தார். புத்தகத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். போகிற வழியில் அம்புப் பக்கங்களைப் படித்துச் சிரித்துக்கொண்டே போனாராம். அங்கே பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, தென்னந்தோப்புக்கு அடுத்த தண்ணீர் முறை யாருக்கு என்று சொந்தக்காரர்கள் வாதாடினார்களாம். இவரும் நடுவில் புகுந்து தன் பங்குக்கு நியாயம் பேசினாராம். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பா அவர் என்பது வீடு திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்ததாம். சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு சிவப்பு அம்பை விரலால் தடவினார். "இத ஒட்டுன செக்கிங் புள்ள அங்க இருந்திருந்தா, எம் மூஞ்சியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமுங்க."

ஆயுத பூசைக்குப் புத்தக பீரோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், அட்டைப்பெட்டிகள் ஜெனரேட்டர் ரூமுக்குப் போயின, இத்தனையிலும் நூலகராகிய என் சாதனை மிச்ச ஸ்டிக்கர்களைப் பிய்க்காமல் விட்டது ஒன்றுதான்.