லாரிக்காரரைத் தூக்குகிறவர்

முதுகெலும்பு முறிந்து நடக்க முடியாமல் போனவர்களுக்கான அந்த இல்லத்தில் அவர் எல்லோருக்கும் அண்ணன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு ஆட்களைத் தூக்கி வைப்பதுதான் வேலை. அதைத் தவிர இந்த மனுஷனுக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது என்பாள் அவர் மனைவி. அது பொய்யும் இல்லை.

ஜன்னலோரக் கட்டிலில் லாரிக்காரர். மலை மாதிரி உடம்பு. அண்ணனைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டார். தூக்கும்போதே வசவும் ஆரம்பித்துவிடும்.

"மெதுவாடா மாப்ளே. நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு வரும், மச்சான்."

இந்தத் திட்டு காதில் விழாவிட்டால் அண்ணனுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

இந்த நேரத்தில்தான் தொண்டு செய்கிறேன் என்று வெளிநாட்டில் வளர்ந்த தமிழ்ச் சின்னப்பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். சம்பளமும் கிடையாது, அலுப்பும் கிடையாது. கைக்கொரு வாளியோடு மாடிப்படி ஏறி ஓடுவாள். ஏதாவது குறை அகப்படுமா என்று அண்ணன் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். ஒரு மண்ணும் அகப்படவில்லை. போதாக்குறைக்கு மரியாதை வேறு. அவர் இருமினால் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

ஒருநாள் லாரிக்காரரைத் தூக்கி நிமிரும்போது அண்ணனின் முழங்கால் மடங்கியது. ஆளைக் கீழே போட்டுவிடவில்லை. அதற்குள் அவள் ஓடிவந்து லாரிக்காரரை வாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். அதோடு விட்டாளா? இன்னொரு நாற்காலியை இழுத்து, அண்ணனையும் தோளைப் பிடித்து அதே பக்குவத்தோடு உட்கார வைத்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க தாத்தா. மூச்சு வாங்குது பாருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் அவருக்குத் தாங்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. எதிரே லாரிக்காரர் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் கட்டிலோரம் குனிந்தார்.

"கிளம்பலாமா மச்சான்?"

லாரிக்காரர் கையை நீட்டவில்லை.

"நீங்க இருங்கண்ணே. அந்தப் பொண்ணு வரட்டும்."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'நீங்க' வந்ததே இல்லை.

"ஏன்டா, கீழ போட்ருவேன்னு பயமா?"

"அதெல்லாம் இல்ல. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

ஒரு வசவாவது வரும் என்று நின்று பார்த்தார். வரவில்லை. அவள்தான் வந்தாள், சிரித்துக்கொண்டே தூக்கினாள். இனி தினமும் காலையில் இப்படித்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலி நகர்ந்துவிடக் கூடாதே என்று அதைப் பிடித்துக்கொண்டார். பிரேக் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.