தறி நின்ற பிறகு கேட்ட சத்தம்

குழந்தை தூங்கும்போது டைப் செய்ய, சத்தம் போடாத கீபோர்டு தேடினேன். ராசிபுரத்துப் பழைய கம்ப்யூட்டர் கடையில், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்விட்ச் உள்ள அந்தக்கால மெக்கானிக்கல் கீபோர்டு இருந்தது. ஒவ்வொரு ஸ்விட்சாக அழுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை. வாங்கிவிட்டேன்.

மல்லசமுத்திரத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் முதல் வரி அடித்ததுமே, 'கடக் கடக்' சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது.

குழம்பிப்போய்க் கடைக்கே திரும்பக் கொண்டுபோனேன். அங்கே அழுத்தினால் மறுபடியும் சத்தமில்லை!

"உங்க ஊட்டுலதான் ஏதோ கோளாறுங்க அம்மிணி" என்றார் கடைக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. கடைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிக்கூடம் நின்றது. என் விரலுக்கடியில் 'கடக்' என்றது.

தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் கடைக்காரருக்கும் தறி ஓடுவது ஒரு சத்தமாகவே தோன்றவில்லை.

இப்போதெல்லாம் கீபோர்டு பார்க்கக் கிளம்புமுன், "அங்க கரண்ட் எப்பங்க போகும்?" என்று போன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.