அந்தம்மா காதுக்கு மட்டும்

அந்த மனுஷனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் எழுந்துபோய் மின்விசிறி ஏன் முனகுகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். "அந்தக் காதைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு வந்து சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

தொழிலில் அவர் பெயரே காதுக்காரர். கூட்டத்துக்குக் கேட்கிற சத்தம் வேறொருவர் பொறுப்பு. மேடையில் நிற்கிறவர்கள் காதுக்குள் செருகியிருக்கிறார்களே சின்ன இயர்போன், அதில் யாருக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பது இவர் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஸ்பீக்கர் சுமக்க வந்தவர். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அப்போதெல்லாம் மேடையிலிருந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு வரும் செப்புக் கேபிள் மலைப்பாம்பு மாதிரி கிடக்கும். நாலு பேர் தோள் கொடுத்து இழுக்க வேண்டும். இப்போது அத்தனை சத்தமும் முடி மாதிரி ஒரு கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடுகிறது. ஃபைபர் கேபிள். தோள்வலி போயிற்று, கூடவே நிம்மதியும் போயிற்று. செப்பு மிதிபட்டாலும் உழைக்கும். இதற்கு முனையில் ஒரு தூசி போதும், மேடையே ஊமையாகிவிடும்.

அன்று மத்தியானம் தூசிதான் வேலை காட்டியது. ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. மேடையில் இருந்த மச்சினன் கேபிளைக் கழற்றி, முனையைச் சட்டை நுனியில் துடைக்கப் போனான். மனைவியின் தம்பி, நாற்பது வயசு, நாலு வயசுப் பொறுமை.

"டேய், சட்டையில துடைக்காத" என்று இவர் கத்தினார். "அதுக்குன்னு பேனா மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன், அது என்ன காது குடையவா?"

துடைத்து மாட்டியாயிற்று. இவர் மிக்ஸரில் பேசுகிற பொத்தானை அழுத்தினார். அழுத்திப் பேசினால் மேடையில் எல்லார் காதுக்கும் போகும். அப்போது காதில் மாட்டியிருந்தவன் மச்சினன் ஒருவன்தான் என்பது இவர் நினைப்பு.

"மாப்ள, கேக்குதா?"

"சுத்தமா கேக்குது மாமா. போன வாரம் பாடகியம்மா மேல் ஸ்தாயிக்குப் போறப்ப குரல் ஒடிஞ்சுதே, அதுவும் இந்தத் தூசிதானா?"

"அது தூசி இல்லடா, தொண்டை. ரெண்டு வருஷமா மேல போனா ஒடியுது. அந்தம்மாவுக்குத் தெரியாது. அந்த இடம் வந்தா கூடப் பாடற பொண்ணு குரலை அவங்க காதுல மட்டும் ஏத்தி, எக்கோவையும் ஊத்தி மெழுகிடுவேன். தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க பாவம்."

மச்சினன் மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பாடகி நின்றிருந்தார். சீக்கிரமே வந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு.

காதுக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பாடகி நேராக மிக்ஸர் பக்கம் வந்தார்.

"ரெண்டு வருஷமா கடைசி வரிசைக்காரன் வரைக்கும் கேட்டிருக்கு. எனக்கு மட்டும் கேக்கல. இல்லண்ணே?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா..."

"என் தங்கச்சி சொன்னா, குரல் ஒடியுது அக்கான்னு. பொறாமைன்னு அவகிட்ட பேச்சையே நிறுத்திட்டேன். என் நல்லதுக்கா, உங்க நல்லதுக்கா? நான் சந்தோஷமாப் பாடினா உங்களுக்குத் திட்டு விழாது."

அது உண்மைதான். காதுக்காரர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மிக்ஸரைத் துணியால் துடைத்தார்.

"போட்டதையெல்லாம் எடுங்க. வெறும் குரல் போதும்."

"சாயங்காலம் கச்சேரியை வெச்சுக்கிட்டு இன்னிக்கு வேணாம்மா."

"எடுங்கண்ணே."

எடுத்தார். பாடகி மேடைக்குத் திரும்பி அந்த வரியைப் பாடினார். மேலே போனதும் குரல் காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்தது. மறுபடி பாடினார், மறுபடி ஒடிந்தது. மூன்றாம் தடவை காதுக்காரரின் விரல் தன்னால் எக்கோ பக்கம் ஊர்ந்தது.

"கைய எடுங்க" என்றார் பாடகி மைக்கில்.

காதுக்காரர் மிக்ஸரை விட்டு எழுந்து நாலடி நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். இந்தம்மா இப்படியே காரில் ஏறிப் போய்விட்டால், பாட ஆளில்லை. கச்சேரி நின்றதற்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது, இவர் வாயைத்தான் சொல்ல வேண்டும்.

பாடகி கீபோர்டுக்காரரைப் பார்த்தார். "சுருதியை ஒரு கட்டை இறக்குங்க."

"இருபது வருஷமா இதே கட்டையிலதானேம்மா..."

"இருபது வருஷம் ஆயிடுச்சில்ல, அதான் இறக்குங்க."

இறக்கினார். குரல் இந்தத் தடவை ஏறி நின்றது. உச்சியில் மட்டும் கொஞ்சம் மணல் உரசியது.

"எப்படிண்ணே?"

நாக்கு நுனிவரை வந்த 'பிரமாதம்மா'வை அவர் விழுங்கினார். "ஒடியல. கடைசியில கரகரன்னு இருந்துது."

"எனக்கும் அப்படித்தான் கேட்டுது" என்றார் பாடகி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "அப்படியே விடுங்க. இனிமே என் காதுல எது போட்டாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

பிறகு மைக்கை அணைக்காமலே கைப்பையிலிருந்து போனை எடுத்தார். காதுக்காரரின் இயர்போனில் அவர் குரல் வெகு பக்கத்தில் வந்தது. "நான்தான்டி... வெச்சுடாத. நீ சொன்னது நெசந்தான்..."

காதுக்காரர் அவசரமாக மிக்ஸரில் அந்த மைக்கை மூடினார். தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று பாடகி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார். முடியவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"மாமா, ஒரு இடத்துல நில்லுங்க" என்றான் மச்சினன். "கேபிளை மிதிக்கப் போறீங்க."