பிரின்சியின் செவ்வாயும் வியாழனும்

பிரின்சிக்கு தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி அலுவலகம் போக வேண்டும். செவ்வாயும் வியாழனும் அத்திப்பட்டு வீட்டிலிருந்தே வேலை. இந்த ஏற்பாடு வந்த அன்று, இரண்டு நாளாவது ரயில் நெரிசல் இல்லை என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆனால் அந்த இரண்டு நாட்கள்தான் அவளை உருக்குலைத்தன. வீட்டில் இருக்கிறாளே என்று வீட்டார் வேலை சொன்னார்கள். வீட்டில்தானே இருக்கிறாள் என்று டீம் லீடர் நந்தினி நேரங்காலமில்லாமல் கூப்பிட்டாள். மீட்டிங் நடுவே மாமியார் கிரேஸ், "தண்ணி லாரி வந்துட்ச்சு, ஓடியா!" என்பார். தூக்கம் போனது. கழுத்து வலி வந்தது.

ஒரு வியாழக்கிழமை, காதில் மீட்டிங்கும் இடுப்பில் குடமுமாக லாரி வரிசையில் நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் எகிறியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் கணவன் ராபின் பதறிப்போனான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வேலைய உட்ரு பிரின்சி."

"வேலையால நான் உழுவல. ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாத்துகினு இருந்ததால உழுந்தேன். நீ பிளான்ட்ல இருக்கசொல்ல யார்னா வந்து உன் கையில குடத்தக் குடுக்கிறாங்களா?"



அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பழைய சாமான் கிடந்த சின்ன அறையைக் காலி செய்தாள். மேசை போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தாள். மாமியாரிடம் சொன்னாள்: "அத்த, இந்தக் கதவ மூடிட்டா நான் ஆபீஸ் போய்ட்டேன்னு வெச்சுக்கங்க."

"ஊட்ல இருந்துகினே இல்லன்றியா?" என்ற கிரேஸ், பிறகு பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

லாரி வந்தது. தெருவில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டும் பிரின்சி எழவில்லை. ஷிப்ட் முடித்து வந்த ராபின் குடத்தைத் தூக்கினான். தெருவில் சிலர் சிரித்தார்கள். அவன் அடுத்த குடத்துக்கும் போனான்.

நந்தினியிடம் பிரின்சி நேரிலேயே பேசினாள். "வேலை நேரம் முடிஞ்சா லேப்டாப்ப மூடிடுவேன். அவசரம்னா போன் பண்ணுங்க. தினமும் வந்தா அதுக்குப் பேரு அவசரம் இல்லங்க."

நந்தினிக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு மதிப்பீட்டில் பிரின்சி ஒரு படி இறங்கினாள். வீடு திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். ஆனால் அடுத்த செவ்வாயும் வேலை நேரம் முடிந்ததும் லேப்டாப்பை மூடினாள். குழுவில் வேறு இரண்டு பெண்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. கழுத்து வலி முழுதாக விடவில்லை. ஒரு மதியம் கதவு மெல்லத் தட்டப்பட்டது. "மீட்டிங் இல்லன்னா சாப்ட வாம்மா, கொழம்பு ஆறிப்போவுது" என்றார் கிரேஸ்.

தன் மதிப்பீடு ஏன் குறைந்தது என்று கம்பெனியிடம் பிரின்சி எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் வரும்வரை விடுவதாக இல்லை.