குணா ஓடி முடித்த ஞாயிற்றுக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு வந்த போனை நான்தான் எடுத்தேன். குணாவின் மனைவி சரோஜா. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றாள். ஐந்து நாள் டெங்கிக் காய்ச்சல். முந்தின ஞாயிறு கிள்ளான் ஆஸ்பத்திரியில் என்னிடம் பப்பாளி வாங்கி வரச் சொன்னவன். போனை வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். "மணியம், யாருலா லைன்ல?" என்று பின்னால் யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. குணசேகரனை அப்படி எழுத எனக்கு வராது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் பதினெட்டு வருடம் அவன் வயர்மேன், நான் ஸ்டோர் கிளார்க். ஒரே வயது, ஒரே குவார்ட்டர்ஸ் வரிசை, நாளுக்கு இரண்டு சண்டை. சண்டையில் கத்துவதெல்லாம் நான்தான். அவன் பிளேயரைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சா? டீ குடிக்கப் போவமா?" என்பான். எரிச்சலாக இருக்கும்.

உடலை எடுத்த அன்று வாசலில் நம் பட்டறை ஆட்கள் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நல்ல மனுஷன்லா, நம்ம லோரி குணா." பாசமாகத்தான் சொன்னார்கள். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று, பட்டறை நண்பர்களே, உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் போய்விட்டான்.

கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடும் அந்தப் பந்தயப் பைத்தியம் அவனை எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு சைக்கிள், இருபத்தொன்று ஓட்டம். முதல் வருடம் வெயில் தாங்காமல் சைக்கிளோடு சாய்ந்து, ஆம்புலன்ஸில் வந்தான். மறு வருடம் மறுபடி பேர் கொடுத்தபோது சரோஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவ. முடிச்சாலும் சரி, முடிக்காட்டியும் சரி. அதுக்கப்புறம் அந்த சைக்கிள் என் வீட்ல இருக்கக் கூடாது." அவனும் தலையாட்டினான். என்னிடம் மட்டும் சொன்னான்: "ஒரு தடவ முடிச்சவங்க லிஸ்ட்ல என் பேரு வரணும்டா. அது போதும்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவன் காவடி எடுத்தபோது முன்னால் வாளியோடு நடந்தவன் நான். காவடிக்காரனிடம் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வாயில் அலகு குத்தியிருப்பதால் அவனால் பதில் சொல்லவும் முடியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கண் மேலே சொருகி, முழங்கால் ஆட ஆரம்பித்தால் ஊற்றிவிட வேண்டும். குணாவின் முகம் எப்போது அப்படி மாறும் என்று சரோஜாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

பந்தயம் மோரிப் கடற்கரையில். சரோஜா வரவில்லை. "என்னால பாக்க முடியாதுண்ணே, நீங்க பாத்துக்குங்க" என்றாள். விடியற்காலை அவன் சைக்கிளை ஒரு வேனில் அனுப்பிவிட்டு, இருவரும் என் மோட்டார் சைக்கிளில் போனோம். போகும்போதே சொன்னான்: "வெளியாளு எதையும் குடுக்கக் கூடாது. தண்ணி, ஐஸ், கைத்தாங்கல், எதுவும். வெளியாளு கை பட்டா போச்சு, நம்பரப் புடுங்கிருவாங்க. உன் வாயும் கையும் சும்மா இருக்கணும்."

ஏழரைக்குத் தொடக்கம், நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். கடலைவிட்டு நல்ல நேரத்தில் ஏறினான். கெடுத்தது காற்று. தெலுக் பங்லிமா காராங் வரை போனவனைத் திரும்பும் வழியில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்கிறான், மிதிக்கிறான், சைக்கிள் நகரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல அனல். லோரிகள் கிளப்பிய மண் வாயெல்லாம். தண்ணீர் மேசைகளில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கிளாஸ்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் பறந்தன. ஒரு மணிக்குள் சைக்கிளை ஒப்படைக்காவிட்டால் ஓட விடமாட்டார்கள். ஒன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தான். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஓட்டத்தில் முன்னால் முன்னால் போய், மரத்தடியில் வண்டியை நிறுத்தி அவனுக்காகக் காத்திருந்தேன். மூன்று பத்துக்கு, நாலு கிலோமீட்டர் மிச்சமிருக்கையில், ஒரு இளநீர்க் கடை ஓரம் நின்றேன். தூரத்தில் வந்துகொண்டிருந்தான். உடம்பில் வேர்வை நின்றுபோயிருந்தது. கோடு மாறி சாலை நடுவுக்குப் போனான், திரும்ப ஓரத்துக்கு வந்தான். அப்புறம் அந்த முகம் வந்தது. கண் சொருகியது, முழங்கால் ஆடியது.

நான் யோசிக்கவில்லை. கடைக்காரரின் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி அவன் தலையில் கவிழ்த்தேன். இரண்டு கையாலும் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "முருகா" என்றுகூடக் கத்தினேன் போலிருக்கிறது.

பின்னாலேயே மஞ்சள் சட்டை போட்ட சீன அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். பாவம், அவருக்கே சங்கடம். "பாஸ், கெனாட் லா. அவுட்சைட் ஹெல்ப், கெனாட். சாரி" என்றார். நான் மலாயில் கெஞ்சினேன், தமிழில் திட்டினேன். முந்நூறு அடி தள்ளி அவர்களுடைய தண்ணீர் மேசையே இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். குணா தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, நெஞ்சிலிருந்த எண்ணைத் தானே கழற்றி அவரிடம் கொடுத்தான். பாதியில் விட்டவர்களை ஏற்றிப்போகும் லோரி வந்தது. அவன் ஏறவில்லை. ஓரமாக ஓட ஆரம்பித்தான்.

கடைசி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே அவன் பின்னால் போனேன். கிட்டப் போகத் துணிவில்லை. இரண்டு தடவை நின்று வாந்தி எடுத்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். காஜாங் தாண்டியதும் பின்னாலிருந்து சொன்னான்: "பாதியில லோரி ஏறிட்டேன்னு சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காதே. நீதான் கெடுத்தேன்னு தெரிஞ்சா சரோஜா உன்ன வாசப்படி மிதிக்க விடமாட்டா. எனக்கு ஞாயித்துக்கெழம சோத்துக்கு ஆளு வேணும்." கொஞ்சம் கழித்து, "ஊத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

மறுவாரம் சைக்கிளை விற்றான். டீக்கடையில் நீங்கள் 'லோரி குணா' என்று பேர் வைத்துச் சிரித்தபோது, "ஆமாண்ணே, முடியல" என்று அவனும் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாய்ச் சவடாலுக்குப் பேர் போன மணியம், ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சரோஜா கையால் சாப்பிட்டேன்.

அன்று அவன் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது, அங்கே நேரம் குறித்துக்கொண்டிருந்த பெண் அவன் நெஞ்சில் எண் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி ஐம்பத்து நாலு; நாலு மணிக் கெடுவுக்குள்தான். குணாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மிச்ச ஆறு நிமிடம்தான். சரோஜா, அது உன்னுடையது. இனி நீ என்னை உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், உன் புருஷன் முடித்தான். கெடுத்தவன் நான்.